சிங்கப்பூருக்கு ஒரு எஸ்எம்எஸ்: உங்க கடைப் பெயர் ஏன் ‘மோசடி’ ஆகுது?

மட்டாஞ்சேரி ஜூ டவுனில் ஒரு மசாலா கடையின் ஆன்லைன் விற்பனையை நீங்கள் கவனிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மிளகும் ஏலக்காயும் சிங்கப்பூர், துபாய், நியூ ஜெர்சிக்குப் போகின்றன. ‘பார்சல் கிளம்பிடுச்சு’ என்று மூன்று பேருக்கும் ஒரே எஸ்எம்எஸ் அனுப்புகிறீர்கள். ஒன்று மோசடி முத்திரையோடு போகலாம். இன்னொன்று போய்ச் சேராமலே போகலாம். ஏன்?

இந்தியாவில்தான் பதிவு பண்ணியாச்சே?

டிராயின் 2018 விதிமுறைப்படி, அனுப்புநர் பெயரையும் மெசேஜ் வாசகத்தையும் டிஎல்டி தளத்தில் பதிய வேண்டும். ஆனால் அது இந்திய எண்களுக்கு மட்டும்தான். வெளிநாட்டு எண் என்றால் அந்த நாட்டு விதியையும் பார்க்கணும்.

எந்த நாட்டில் என்ன விதி?

சிங்கப்பூர்: 2021 டிசம்பரில் ஓசிபிசி வங்கியின் பெயரில் போலி எஸ்எம்எஸ்கள் வந்தன. வங்கியின் உண்மையான மெசேஜ்கள் இருந்த அதே வரிசையில் இவையும் தெரிந்ததால் பலரும் நம்பினார்கள். சுமார் 790 பேர் 1.37 கோடி சிங்கப்பூர் டாலரை இழந்தார்கள். அதன் விளைவாக, 2023 ஜனவரி 31 முதல் பதிவு செய்யாத அனுப்புநர் பெயர்களுக்கு ‘லைக்லி ஸ்கேம்’ முத்திரை விழுகிறது. பதிவு செய்ய யுஇஎன் என்ற சிங்கப்பூர் அடையாள எண் தேவை. சின்னக் கடைக்கு இது பெரிய தடை.

ஐக்கிய அரபு அமீரகம்: அனுப்புநர் பெயரை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்.

அமெரிக்கா: எழுத்தால் ஆன அனுப்புநர் பெயரே இங்கு செல்லாது. சாதாரண 10 இலக்க எண்ணிலிருந்து அனுப்புவதானால், நிறுவனத்தையும் மெசேஜின் நோக்கத்தையும் பதிய வேண்டும். அனுமதி வாங்காமல் தானியங்கி முறையில் விளம்பரம் அனுப்பினால், ஒரு மெசேஜுக்கு 500 டாலர் கேட்டுப் பெறுபவர் வழக்குப் போடலாம். தெரிந்தே செய்திருந்தால் 1,500 டாலர் வரை போகும். நேரத்தையும் பாருங்கள்: இங்கே காலை 10 மணி என்றால், கோடையில் நியூ ஜெர்சியில் நள்ளிரவு 12.30.

தமிழில் அனுப்பினால் செலவு கூடுமா?

கூடும். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்துகள். தமிழில் 70 குறியீடுகள். அதிலும் ‘க’ 1, ஆனால் ‘கி’, ‘க்’ இரண்டும் தலா 2. ‘உங்கள் மிளகு பார்சல் இன்று கொச்சியிலிருந்து புறப்பட்டது.’ இந்த ஒரு வரியே 56 குறியீடுகளை எடுத்துக்கொள்கிறது. 70-ஐத் தாண்டினால் மெசேஜ் துண்டாகும். ஒவ்வொரு துண்டிலும் 67 மட்டுமே, ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம்.

ஆங்கிலத்தில் எழுதினாலும் ஒரு பொறி இருக்கு. ரூபாய் குறியை (₹) ஒரு இடத்தில் போட்டாலே வரம்பு 160-லிருந்து 70 ஆகிவிடும். ‘ரூபாய்’ என்பதன் ஆங்கிலச் சுருக்கத்தையே எழுதிவிடுங்கள்.

அப்போ என்ன செய்யலாம்?

வாடிக்கையாளர் பட்டியலை நாடுவாரியாகப் பிரியுங்கள். எந்த நாட்டில் பதிவு வேண்டும், எத்தனை நாளாகும் என்று எஸ்எம்எஸ் சேவை நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். பதிவு கட்டுப்படியாகாத நாட்டுக்கு மின்னஞ்சலே போதும். ‘அனுப்பப்பட்டது’ என்று திரையில் வருவதை நம்பி விடாதீர்கள். ‘சேர்ந்தது’ என்ற தகவல் தனி. மொத்தமாக அனுப்பும் முன், அந்த நாட்டில் இருக்கும் நண்பருக்கு ஒன்று அனுப்பி, அவர் போனில் எப்படித் தெரிகிறது என்று ஸ்கிரீன்ஷாட் கேளுங்கள்.