யாருக்குமே கிடைக்காத எட்டு லட்சம்

கவுன்சலிங் சீசன் வந்தால் பொறியியல் கல்லூரி பேனர்களில் ஒரு எண் முளைக்கும்: ‘சராசரி சம்பளம் ஆண்டுக்கு 8 லட்சம்’. கல்விக்கடன் படிவத்தில் கையெழுத்துப் போடும் அப்பாக்கள் அந்த எண்ணை நம்பித்தான் போடுகிறார்கள். என் அப்பாவும் அப்படித்தான் போட்டார். அந்த எண் பொய் இல்லை. பொய்யாக இருந்தால்கூடப் பரவாயில்லை, பிடித்துவிடலாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கல்லூரியில் பத்துப் பேருக்கு வேலை. ஒன்பது பேருக்கு 4 லட்சம், ஒருத்தருக்கு மட்டும் 44 லட்சம். மொத்தம் 80, சராசரி 8. பக்கத்துக் கல்லூரியில் மூணு பேருக்கு 6, நாலு பேருக்கு 7, மூணு பேருக்கு 8. சராசரி 7. பேனர் போட்டியில் ஜெயிப்பது முதல் கல்லூரி. ஆனால் சம்பள வரிசைப்படி எல்லாரையும் நிறுத்தி, நடுவில் நிற்பவரைக் கேளுங்கள். அதுதான் இடைநிலை அளவு. அங்கே 4, இங்கே 7.

‘பரவலைக் காட்டத்தான் திட்ட விலக்கம் இருக்கே’ என்பார்கள். பத்தாம் வகுப்பில் எல்லாரும் போட்ட கணக்குதான். முதல் கல்லூரிக்கு அது 12 லட்சம். எட்டிலிருந்து பன்னிரண்டைக் கழித்தால் மைனஸ் நாலு. அதாவது பையன் கம்பெனிக்குச் சம்பளம் கொடுக்கணும்! திட்ட விலக்கமும் சராசரியை வைத்தே கணக்கிடப்படுவது. அந்த ஒற்றை 44 அதையும் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. ஒரு பக்கம் மட்டும் வால் நீண்ட தரவுக்கு இடைநிலை அளவும் கால்மானங்களும்தான் பொருத்தம். இரண்டு பக்கமும் சமமாகச் சரியும் தரவுக்குச் சராசரியைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றது?

அதற்காக இடைநிலையை மட்டும் கும்பிடவும் சொல்லவில்லை. தொல்லுயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982இல் அரிய வகைப் புற்றுநோய். கண்டுபிடித்த பின் இடைநிலை ஆயுள் எட்டு மாதம் என்றன மருத்துவ நூல்கள். அப்படியானால் பாதிப் பேர் எட்டு மாதத்தைத் தாண்டுகிறார்கள், அந்தப் பக்கத்து வால் நீளமானது என்று வாசித்தார் அவர். 2002 வரை வாழ்ந்தார். பரவலைச் சொல்லாத மையம் பாதி வாக்கியம்தான்.

ஆகவே கல்லூரி நிர்வாகிகளே, பேனரில் மூணு எண் போடுங்கள்: கால்வாசிப் பேர், பாதிப் பேர், முக்கால்வாசிப் பேர் எந்தெந்தச் சம்பளத்துக்குள் அடங்குகிறார்கள்? வேலை கிடைக்காதவர்களையும் பூஜ்யமாகச் சேர்த்துக் கணக்கிடுங்கள். இப்போது அவர்கள் வகுத்தியிலேயே இல்லை. 44 லட்சத்தையும் தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள், ‘ஒருவர்’ என்று பக்கத்தில் எழுதி.

ஏனென்றால் அந்த ஒருவரின் அப்பாவுக்குக் கவலையில்லை. மற்ற ஒன்பது அப்பாக்களுக்கும் வங்கித் தவணை சராசரி பார்த்து வருவதில்லை.