அச்சு முறுக்கு யார் கைப்பணி?

கொச்சி நகரின் மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் ஏலமும் மணக்கும் கடைத்தெருக்கள் உள்ளன. கிறிஸ்துமஸ் நெருங்கும்போது அந்நகரத்து வீடுகள் பலவற்றிலிருந்து வேறொரு மணமும் எழும். அது தேங்காய்ப்பாலில் கரைத்த மாவு எண்ணெயில் வேகும் மணம். கேரள மக்கள் அச்சப்பம் என வழங்கும் அப்பண்டத்தைத் தமிழர் அச்சு முறுக்கு என்பர்.

அரிசிமாவுடன் தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை, எள் ஆகியவற்றைச் சேர்த்துக் கரைப்பர். நீண்ட காம்புடைய பூவடிவ அச்சைக் காய்ந்த எண்ணெயில் சூடேற்றி, மாவில் தோய்த்து, மீண்டும் எண்ணெயில் இறக்குவர். அச்சுப் போதிய அளவு சூடேறாவிடில் மாவு பற்றாது. மேல்விளிம்பு மூழ்குமாறு தோய்த்தால் பூ அச்சைவிட்டுக் கழலாது. இந்நுட்பம் பார்த்தும் செய்தும் அறியத்தக்கது.

இத்தகைய குடும்பக் கைத்திறன் பனிநாடுகளிலும் உண்டு. வட ரஷ்யாவின் ஆர்க்காங்கெல்ஸ்க் பகுதியில், கிறிஸ்துமஸ் காலத்தில் ‘கொசூலி’ என்னும் இனிப்பு ரொட்டிகளைச் செய்வர். மான், ஆடு முதலிய வடிவங்களில் மாவை வெட்டிச் சுட்டு, அவற்றின்மேல் வண்ணச் சர்க்கரைப் பூச்சால் கோலமிடுவர். அந்த மாவில் சேரும் கிராம்பும் இலவங்கப்பட்டையும் அங்கு விளைவன அல்ல. கடல் கடந்து சென்றவை.

“கடையில் எளிதாகக் கிடைப்பதற்கு வீட்டில் ஏன் பாடுபட வேண்டும்?” எனச் சிலர் வினவுவர். அவ்வினாவில் நியாயம் உண்டு. ஏனெனில், அந்தப் பாடு பெரும்பாலும் ஒருவரையே சேர்கிறது. அன்னையோ பாட்டியோ அடுப்பின்முன் வெந்து நிற்க, ஏனையோர் உண்டு மகிழ்ந்து, “இஃது எங்கள் குடும்பக் கலை” எனப் பெருமை பேசுவது முறையன்று. ஒருவரிடம் மட்டும் தங்கும் கைத்திறன் அவரோடு மறைந்துபோகும். பரணில் அச்சு மட்டும் எஞ்சும்.

எனவே, குடும்பக் கலை என்றால் குடும்பத்தார் அனைவரும் அதில் கை கொடுத்தல் வேண்டும். மாவு சலித்தல், தேங்காய்ப்பால் பிழிதல், ஆறியவற்றை உடையாமல் அடுக்குதல் ஆகியவற்றை ஆண், பெண் வேறுபாடின்றிப் பிள்ளைகள் செய்யலாம். கொதிக்கும் எண்ணெயருகே சிறுவர் நிற்றல் ஆகாது. அங்கே தந்தையார் நின்று பழகலாம்.

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு வந்த குடும்பங்களுக்கு இது மிகவும் பொருந்தும். பாட்டியைக் காண்பது விடுமுறையின் சில நாள்களில்தான். அந்நாள்களில் உண்பதோடு நில்லாமல், அருகிருந்து கேட்டுக் கற்க வேண்டும். முதற்பூ உடைந்தால் வருந்த வேண்டா. உடைந்ததும் இனிக்கவே செய்யும்.