பாதைக்குச் செல்லும் பாதை

வாரத்திற்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கும் இந்தக் குறைந்த அளவை, இதய நோயிலிருந்தும் நீரிழிவின் சிக்கல்களிலிருந்தும் தேறிவருவோர் பலரும் மருத்துவர் வாயிலாகக் கேட்டிருப்பர். எவ்வளவு நேரம், எவ்வளவு வேகம் என்பவை இத்தகைய அறிவுரைகளில் தெளிவாக இருக்கும். எங்கே என்பது மட்டும் பெரும்பாலும் நோயாளியின் பொறுப்பிலேயே விடப்படுகிறது. மிதிவண்டி ஓட்ட விரும்புவோருக்கு அந்த 'எங்கே' என்ற கேள்வியே முதன்மையானது என்பது மறுவாழ்வுப் பிரிவில் பணியாற்றும் எங்களின் கருத்து.

நோய்க்கு முன் மிதிவண்டி ஓட்டிப் பழகியவர்கள், உடல் சற்றுத் தேறியதும், "மறுபடியும் ஓட்டலாமா?" என்று கேட்கின்றனர். மருத்துவர் அனுமதிக்கிறார். வீட்டில் உள்ளோர் தயங்குகின்றனர். "வெளியே இவ்வளவு வண்டி ஓடுகிறதே, இந்த உடம்போடு எதற்கு?" என்கின்றனர். மருத்துவரின் அனுமதியும் சரி, குடும்பத்தாரின் அச்சமும் சரி. மருத்துவர் உடலைப் பார்க்கிறார். குடும்பத்தார் சாலையைப் பார்க்கின்றனர். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர் இல்லாததால் மிதிவண்டி அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்திலேயே பூட்டிக் கிடக்கிறது. தேறிவருபவர் நான்கு சுவருக்குள் மேலும் ஒரு மாதத்தைக் கழிக்கிறார்.

சிங்கப்பூரில் நெடுந்தூரப் பாதைகளுக்குக் குறைவில்லை. பழைய மலாயா ரயில் தடத்தில் அமைந்த 'ரயில் காரிடார்' தஞ்சோங் பகாரிலிருந்து கிராஞ்சி வரை ஏறக்குறைய 24 கிலோமீட்டர் நீள்கிறது. தஞ்சோங் பகாருக்கு வந்து சென்ற ரயில் சேவை 2011 ஜூன் 30ஆம் நாளோடு நின்றது. அதன் பின்னர் அந்தத் தடம் நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் உரியதாயிற்று. நம் சமூகத்தோடும் அதற்கு உறவுண்டு. இன்று காமன்வெல்த் டிரைவில் உள்ள ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயம், குயின்ஸ்வே அருகே இருப்புப்பாதையை ஒட்டி வாழ்ந்த இந்திய ரயில்வே தொழிலாளர் குடும்பங்களின் வழிபாட்டிடமாகத் தொடங்கியதே.

தேறிவரும் இதயத்திற்கு இத்தகைய தடம் பொருத்தமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ரயில் வண்டியால் செங்குத்தான மேட்டில் ஏற இயலாது. ஆகவே இருப்புப்பாதையை அமைத்தோர் மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் சரிவைக் குறைத்தனர். ரயில் போன பின்னும் அந்தச் சமநிலை எஞ்சியிருக்கிறது. மூச்சு வாங்கும்போது எதிரே திடீரென்று ஒரு மேடு வருமோ என்ற கவலை குறைவு. பேருந்தோ லாரியோ பின்னால் நெருங்குவதில்லை. எந்த இடத்திலும் நின்று இளைப்பாறலாம். எந்த இடத்திலிருந்தும் திரும்பலாம். 24 கிலோமீட்டரையும் கடந்தாக வேண்டும் என்று எவரும் கேட்பதில்லை.

ஆனால் அந்தத் தடம் நம் வீட்டு வாசலில் தொடங்குவதில்லை. வீட்டிற்கும் தடத்திற்கும் இடையே ஓரிரு கிலோமீட்டர் இருக்கும். போக்குவரத்துச் சந்திப்புகள், பேருந்து நிறுத்தங்கள், வாகன நிறுத்துமிட வாயில்கள், மேம்பாலப் படிகள் ஆகியவை அந்தச் சிறு தொலைவிலேயே குவிந்துள்ளன. நெடும்பாதையில் பத்துக் கிலோமீட்டர் ஓட்டுவதைக் காட்டிலும் நகரத்தினூடே அதைச் சென்றடைவதே கடினம்.

இன்னொன்றையும் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்த இணைப்பு வழியை நாம் இருமுறை கடக்கிறோம். போகும்போது உடல் புத்துணர்வோடு இருக்கும். திரும்பும்போது கால்கள் தளர்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்கும், கவனம் சிதறியிருக்கும். மிகுந்த கவனம் வேண்டிய பகுதியை மிகுந்த களைப்போடு கடக்க நேர்கிறது. எனவே எவ்வளவு தூரம் ஓட்டலாம் என்று கணக்கிடும்போது தடத்தின் நீளத்தை வைத்துக் கணக்கிடலாகாது. திரும்பி வரும் வழிக்கு வேண்டிய வலிமையை முதலில் ஒதுக்கிவிட்டு, எஞ்சியதையே தடத்தில் செலவிட வேண்டும்.

இணைப்பு வழியைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு விதியைப் பரிந்துரைக்கிறோம்: குறுகிய வழியைத் தேடாதீர்கள், அமைதியான வழியைத் தேடுங்கள். எடுத்துக்காட்டாக, கிளமெண்டியில் வசிக்கும் ஒருவர் கிழக்கே ரயில் காரிடாரை அடைய விரும்பினால், காமன்வெல்த் அவென்யூ வெஸ்ட் சாலை நேராகத் தோன்றும். அதே திசையில் கால்வாயை ஒட்டி உலு பாண்டான் பூங்கா இணைப்புப் பாதையும் கிம் மோ பக்கம் செல்கிறது. நேரம் சற்றுக் கூடலாம். ஆனால் உடன் வருவன நீரும் மரங்களுமே. தேறிவருபவருக்கு நேரம் நட்டமன்று, அதுவும் 150 நிமிடங்களில் சேரும். உங்கள் வட்டாரத்திலும் இத்தகைய கால்வாய் ஓரப் பாதை ஒன்று இருக்கக்கூடும். தீவெங்கும் உள்ள பூங்கா இணைப்புப் பாதைகளின் மொத்த நீளம் 300 கிலோமீட்டருக்கும் மேல்.

வழியைத் தேர்ந்தபின் மிதிவண்டியில் செல்லுமுன் குடும்பத்தாரோடு ஒருமுறை நடந்து பாருங்கள். எங்கே சாலையைக் கடக்க வேண்டும், பச்சை விளக்கு எவ்வளவு நேரம் எரிகிறது, எங்கே நிழலில் அமரலாம், எங்கே தண்ணீரும் கழிவறையும் கிடைக்கும் என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். தடத்தில் இறங்கும் வாயில் சரிவுப் பாதையா, படிகளா என்பதையும் பாருங்கள். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் மிதிவண்டியைத் தூக்கிக்கொண்டு படி ஏறுவது நன்றன்று. நடைபாதையில் மிதிவண்டிக்கு மணிக்கு 10 கிலோமீட்டரும் பூங்கா இணைப்புப் பாதையில் 25 கிலோமீட்டரும் வேக வரம்பு. நமக்கு அதில் பாதியே போதும். மேம்பாலத்தில் இறங்கித் தள்ளிச் செல்ல வேண்டும். நெரிசலான சந்திப்புகளிலும் அவ்வாறே செய்யலாம். தள்ளிச் செல்வதில் குறைவேதுமில்லை, அதுவும் நடைப்பயிற்சியே.

பராமரிப்பாளர்களுக்கு இந்த நடை பெரிதும் உதவும். காணாத சாலை மனத்தில் பெரிதாகத் தோன்றும். கண்ட சாலையின் ஆபத்து எந்த இடத்தில், எவ்வளவு என்பது தெரிந்துவிடும். "போகாதீர்கள்" என்ற சொல் "அந்தச் சந்திப்பில் இறங்கி நடங்கள்" என்று மாறுவதற்கு அதுவே போதும். முன்னது ஒருவரை வீட்டில் அடைக்கிறது, பின்னது அவரைக் காக்கிறது.

இணைப்பு வழி எவ்வகையிலும் பாதுகாப்பாக அமையாதெனில் அதைத் தவிர்ப்பதே அறிவு. வரம்புக்குட்பட்ட அளவிலான மடக்கு மிதிவண்டியை எம்ஆர்டி ரயிலில் எடுத்துச் செல்ல அனுமதி உண்டு. கிங் ஆல்பர்ட் பார்க் நிலையத்தில் இறங்கினால் பழைய புக்கிட் தீமா ரயில் நிலையமும் தடமும் அருகிலேயே உள்ளன. மடக்கு வண்டியைத் தூக்க இயலாதவர் அதை உறவினரிடம் ஒப்படைக்கலாம்.

மருத்துவ எச்சரிக்கைகளையும் சொல்லியாக வேண்டும். மார்பெலும்பைத் திறந்து அறுவை செய்துகொண்டவர்கள், எலும்பு சேர்ந்துவிட்டது என்று மருத்துவர் கூறும்வரை வெளியே மிதிவண்டி ஓட்டலாகாது. கைப்பிடியின் அழுத்தமும் கீழே விழும் ஆபத்தும் அதற்குக் காரணம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோருக்குச் சிறு விழுகையும் தலைக்குள் கசிவை உண்டாக்கலாம். தலைக்கவசமின்றிப் புறப்பட வேண்டாம். இன்சுலின் எடுப்போர் சர்க்கரையோ இனிப்புப் பானமோ கையில் வைத்திருக்க வேண்டும். பேச முடிகிற, ஆனால் பாட முடியாத அளவு மூச்சே மிதமான வேகத்தின் அடையாளம். மார்பில் வலியோ இறுக்கமோ தலைச்சுற்றலோ தோன்றினால் உடனே நில்லுங்கள். ஓய்வெடுத்தும் தணியாவிடில் 995 எண்ணை அழையுங்கள். ரயில் காரிடாரின் பெரும்பகுதியில் விளக்குகள் இல்லை, இடி மழைக்கு ஒதுங்க இடமும் எங்கும் இல்லை. காலை நேரமே ஏற்றது.

இவ்வளவையும் நோயாளியே பார்த்துக்கொள்ளட்டும் என்று விடுவது நியாயமன்று. பாதை அமைப்போர் நெடும்பாதையின் நீளத்தோடு அதன் வாயில்களையும் எண்ண வேண்டும். சரிவுப் பாதையில்லாத வாயில், முழங்கால் வலிப்பவருக்கு மூடிய வாயிலே. மருத்துவர்களும் இயன்முறைச் சிகிச்சையாளர்களும் "உடற்பயிற்சி செய்கிறீர்களா?" என்பதோடு "எந்த வழியாகப் போகிறீர்கள்?" என்றும் கேட்க வேண்டும். அதற்கு இரண்டு நிமிடம் போதும்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்க வரும்போது, மருந்துப் பட்டியலோடு ஒரு தாளையும் கொண்டுவாருங்கள். உங்கள் வீட்டிலிருந்து அருகிலுள்ள நெடும்பாதை வரையிலான வழியைக் கையால் வரைந்து, கடக்க வேண்டிய சாலைகளையும் இளைப்பாறும் இடங்களையும் அதில் குறித்துவையுங்கள். உங்கள் உடல் எந்த இடம் வரை செல்லலாம், எங்கே திரும்ப வேண்டும் என்பதை அந்தத் தாளின்மேல் சேர்ந்து முடிவு செய்வோம்.