கேமராவுக்குள் கை வைக்கலாமா?

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, நட்பைப் பற்றியோ அன்னையைப் பற்றியோ ஒரு கவிதை எழுதித் தப்பித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்தப் பக்கங்களுக்கு நம் கல்லூரியில் ஆள் பஞ்சமே கிடையாது. ஆகவே நான் செய்த ஒரு வேலையைப் பற்றியும், அதில் செய்த ஒரு தப்பைப் பற்றியும் எழுதுகிறேன். படித்துவிட்டுத் திட்டுவதென்றால் கேன்டீனில் திட்டுங்கள்.

என் அப்பா தேனி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். அம்மா காட்டு வேலைக்குப் போகிறார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்க்கிறேன். கல்யாண வீட்டில் லைட் பிடிப்பது, பேட்டரி சார்ஜ் போடுவது, ஆல்பத்துக்குப் படம் பிரிப்பது. பஸ் பாஸ் போக மிச்ச செலவெல்லாம் அந்தக் காசில்தான்.

ஸ்டுடியோ அண்ணனிடம் இருப்பது எட்டு வருடப் பழைய கேமரா. போன வருடம் செகண்ட் ஹேண்டில் ஒரு லென்ஸ் வாங்கினார். அதை மாட்டினால் பத்துப் படத்துக்கு ஒரு தடவை கேமரா பிழை காட்டி நின்றுவிடும். பேட்டரியைக் கழற்றி மாட்டினால்தான் உயிர் வரும். தாலி கட்டும் நேரத்தில் அப்படி நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்! மாப்பிள்ளையை இன்னொரு தரம் கட்டச் சொல்ல முடியுமா?

மதுரையில் ஒரு கடையில் விசாரித்தார். "சாப்ட்வேர் போடணும். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய், மூணு நாள் ஆகும்" என்றார்கள். நான் கம்பெனியின் இணையப் பக்கத்தைத் தேடிப் படித்தேன். அந்த லென்ஸின் கோளாறு புதிய ஃபர்ம்வேரில் சரிசெய்யப்பட்டுள்ளது என்று இரண்டே வரியில் போட்டிருந்தது. இலவசம். ஒரு மெமரி கார்டு இருந்தால் போதும்.

"அண்ணே, இத நாமளே போட்டுரலாம்ணே" என்றேன்.

"போடா டேய்! ஓடுற வண்டியப் பிரிச்சா எவன்டா மறுபடி மாட்டுறது? ஏதாவது ஆச்சுன்னா உங்கப்பா ஒரு வருசம் மூட்டை தூக்கினாலும் அடைக்க முடியாது" என்றார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் இந்த விஷயத்தை எழுதுகிறேன்.

நம் பாடத்தில் 8085, 8051 எல்லாம் படித்தோம். ஈப்ராம் சிப்பின் முதுகில் கண்ணாடி ஜன்னல் இருக்கும், புற ஊதா ஒளியில் இருபது நிமிடம் காட்டினால் அழியும் என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினோம். அந்த ஈப்ராம் வந்தது 1971-இல். 'ஃபர்ம்வேர்' என்ற சொல்லே 1967-இல்தான் பிறந்தது. ஆஷர் ஆப்லர் என்பவர் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையில் எழுதிய கட்டுரையில் அதைப் பயன்படுத்தினார். ஹார்டுவேரும் இல்லை, சாப்ட்வேரும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒன்று என்ற அர்த்தத்தில். 1980-களில் தோஷிபாவில் இருந்த ஃபூஜியோ மசுவோகா ஃபிளாஷ் மெமரியைக் கொண்டுவந்த பிறகு ஜன்னலும் வேண்டாம், ஒளியும் வேண்டாம் என்றாகிவிட்டது. மின்சாரத்தாலேயே அழித்து, மின்சாரத்தாலேயே எழுதலாம். கேமராவுக்குள் இருக்கும் ஃபர்ம்வேரும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறது. கார்டில் நாம் படத்தைச் சேமிப்பதும் அதே ஃபிளாஷ் மெமரியில்தான். ஒரே குடும்பத்து அண்ணன் தம்பி. தம்பியின் தோளில் ஏற்றி அண்ணனுக்குச் சோறு அனுப்புகிற மாதிரிதான் இந்த வேலை.

இதனால் என்ன பெரிய லாபம் என்று கேட்பவர்களுக்கு ஒன்றிரண்டு சொல்கிறேன். 2008-இல் கேனான் 5டி மார்க் 2 கேமரா வந்தது. இரவில் எரியும் சின்னச் சின்ன விளக்குகளைப் படம் எடுத்தால் ஒவ்வொரு விளக்கின் வலப்பக்கத்திலும் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தது. நம்ம ஊர் சீரியல் செட் போட்ட கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள்! 2009 ஜனவரியில் கம்பெனி புது ஃபர்ம்வேர் கொடுத்து அதைச் சரிசெய்தது. அதே கேமரா முதலில் வினாடிக்கு 30 பிரேமில் மட்டும்தான் வீடியோ எடுத்தது. 2010 மார்ச்சில் வந்த ஃபர்ம்வேரால் 24, 25 பிரேமிலும் எடுக்க முடிந்தது. 2009-இல் வந்த 7டி கேமராவுக்கு 2012-இல் புது ஃபர்ம்வேர் வந்தபோது, நிறுத்தாமல் எடுக்கும் ரா படங்கள் 15-இலிருந்து 25 ஆயின. ஒரு ஸ்க்ரூகூடக் கழற்றவில்லை. வாங்கியவர் கையிலேயே, வாங்கிய பிறகு கேமரா வளர்ந்தது.

இதைக் கேட்டு எனக்கு ஒருபக்கம் சந்தோஷம், இன்னொரு பக்கம் கோபம். முழுதாக முடிக்காத பொருளை விற்றுவிட்டு, பிறகு மெதுவாகச் சரிசெய்வது என்ன வியாபாரம்? எங்கப்பா பாதி மூட்டையை இறக்கிவிட்டு மீதியை அடுத்த மாசம் இறக்குகிறேன் என்றால் கூலி கொடுப்பார்களா? சரி, இது இன்னொரு கட்டுரைக்கு ஆகும்.

ஒருவழியாக அண்ணனைச் சம்மதிக்க வைத்தேன். வரும் பத்து நாளுக்கு ஆர்டர் இல்லை என்று பார்த்த பிறகுதான். முகூர்த்தத்துக்கு முதல் நாள் இந்த வேலையில் இறங்கக் கூடாது என்பதில் அவரும் நானும் ஒரே கட்சி.

செய்முறை சின்னதுதான். ஆனால் ஒவ்வொரு படியிலும் வழுக்கும் இடம் உண்டு. கேமரா மாடலுக்கு உரிய கோப்பைத்தான் எடுக்க வேண்டும், பெயர் பாதி ஒத்துப் போனால் போதாது. சில கம்பெனிகள் கோப்பைச் சுருக்கி, கம்ப்யூட்டரில் மட்டும் பிரியும்படி கொடுக்கின்றன. செல்போனை மட்டும் வைத்திருப்பவனுக்கு அங்கேயே கதவடைப்பு. நான் ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் பிரித்தேன். கேனான் என்றால் கோப்பின் பெயர் எஃப்.ஐ.ஆர். என்று முடியும் (போலீஸ் ஸ்டேஷன் ஞாபகம் வருகிறதா?). நிக்கான் என்றால் பி.ஐ.என். ஃப்யூஜி என்றால் டி.ஏ.டி. ஃப்யூஜி கோப்பை இரண்டு தடவை டவுன்லோடு செய்து, பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறியில் 1 விழுந்துவிட்டால் கேமரா அதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. கோப்பு கார்டின் எந்த போல்டருக்குள்ளும் போகாமல் வெளியிலேயே, வாசல் திண்ணையில் உட்கார வேண்டும். கேனானில் மோடு டயல் ஆட்டோவில் இருந்தால் மெனுவில் ஃபர்ம்வேர் என்ற வரியே தெரியாது. பி, எம் போன்ற மோடுக்கு மாற்ற வேண்டும். ஃப்யூஜியில் டிஸ்ப்பேக் பட்டனை அழுத்திக்கொண்டே ஆன் செய்ய வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பேட்டரி. பழைய ஃபர்ம்வேரை அழித்துப் புதியதை எழுதும் நடுவில் கரன்ட் போனால், பழசும் இல்லை, புதுசும் இல்லை. கேமரா கண் திறக்காமலே போய்விடலாம். நான் பேட்டரியை முழுக்க சார்ஜ் செய்தேன். கார்டைக் கேமராவில் போட்டு, வழிமுறையில் சொன்னபடி ஃபார்மட் செய்தேன். கம்ப்யூட்டரில் கோப்பை ஏற்றினேன். மறுபடி கேமராவில் போட்டு ஓகே அழுத்தினேன்.

ஒரு கோடு மெதுவாக நகர்ந்தது. நாலு நிமிடம் இருக்கும். என் மூன்று வருட டிப்ளமோவில் அவ்வளவு நீளமான நாலு நிமிடத்தை நான் பார்த்ததில்லை. அண்ணன் பார்க்க மாட்டேன் என்று வாசலில் போய் நின்றுகொண்டார். கோடு முடிந்தது. ஆஃப் செய்து ஆன் செய்தேன். மெனுவில் புது எண். அந்த லென்ஸை மாட்டி ஒரு படம் எடுத்தோம். நிற்கவில்லை! அண்ணன் இரண்டு டீயும் வடையும் வாங்கிவரச் சொன்னார். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி என்ற மிதப்பு எனக்கு (டிப்ளமோ பட்டம் ஆகாது என்று தெரியும், மிதப்புக்கு அது தெரியாது).

டீ பாதி குடிக்கும்போது அவர் சொன்னார்: "டேய், நேத்து காதுகுத்துப் படத்தையெல்லாம் கார்டுலேர்ந்து கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு, அந்தக் கார்ட காலி பண்ணிரு."

நண்பர்களே, அந்தக் கார்டைத்தான் நான் ஃபார்மட் செய்திருந்தேன்.

முந்தின இரவு களைப்பில் அவர் கார்டைக் கேமராவிலேயே விட்டிருக்கிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. கேமரா செத்துவிடுமோ என்று அத்தனை பயந்த நான், கார்டைப் பற்றி ஒரு நொடி நினைக்கவில்லை. ஆபத்து இருந்த இடம் ஒன்று, நான் காவல் காத்த இடம் வேறு.

வடை தொண்டையில் நின்றது. அப்போதும் பாடம்தான் கைகொடுத்தது. சாதாரண ஃபார்மட்டில் படங்கள் அழிவதில்லை, எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணைதான் அழிகிறது. புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழித்தது போல. மேலே புதிதாக எதுவும் எழுதாதவரை பக்கங்கள் உள்ளேயே இருக்கும். கார்டை உடனே வெளியே எடுத்தேன். போட்டோரெக் என்று ஒரு மென்பொருள், அதுவும் இலவசம், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக ஓடும். மீட்கும் படங்களை அதே கார்டில் போடாமல் கம்ப்யூட்டரில் போடச் சொன்னேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. 412 படத்தில் 408 வந்தன. பெயரெல்லாம் மாறி வெறும் எண்களாக வந்தன. படத்துக்குள் பதிந்திருந்த நேரத்தை வைத்து வரிசைப்படுத்தினேன்.

நாலு படம் வரவில்லை. ஃபர்ம்வேர் கோப்பு மூன்று படத்தின் இடத்தைத் தின்றுவிட்டது. நாங்கள் சந்தோஷமாக எடுத்த அந்தச் சோதனைப் படம் நாலாவதைத் தின்றது. கார்டில் முதலில் இருந்த நாலு படங்கள் அவை. கோவிலுக்குக் கிளம்புமுன் வீட்டில் எடுத்தவை. மூட்டுவலியால் கோவிலுக்கு வர முடியாத பாட்டி, குழந்தையை மடியில் வைத்துத் திருநீறு பூசிய படங்கள். கோவிலில் குழந்தைக்கு மொட்டை அடித்தாகிவிட்டது. முடியோடு பாட்டி மடியில் இருந்த குழந்தை அந்த நாலு படத்தில் மட்டும்தான்.

"நாலு படம்தானடா, யாருக்குத் தெரியப் போகுது? சொல்லாத" என்றார் அண்ணன். ஆர்டர் கொடுத்த வீடு, பேர் கெட்டுப்போகும் என்ற பயம் அவருக்கு. எனக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு நாள் வாக்குவாதத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்தே போனோம். குழந்தையின் அப்பா கோபப்பட்டார். நியாயம்தான். ஆல்பத்துக்குப் பேசிய தொகையில் ஆயிரம் ரூபாயைக் குறைத்துக்கொண்டார். அதை என் ஞாயிற்றுக்கிழமைக் கூலியில் கழித்துக்கொள்ளச் சொன்னேன், அண்ணன் பாதிதான் கழித்தார். கார்டைக் கேமராவில் விட்டது அவர் என்பதால் அது சரி என்றே நினைக்கிறேன். பாட்டி மட்டும், "நான் எங்கடா ஓடிப் போறேன், இப்ப எடு" என்று மொட்டைத் தலைக் குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். எடுத்தோம். கேமரா நிற்கவில்லை.

இனி என் கருத்துக்கு வருகிறேன். இவ்வளவு ஆன பிறகும், நாமே கை வைக்க வேண்டும் என்றுதான் சொல்வேன். மதுரைக் கடைக்காரர் உழைப்புக்குக் காசு கேட்பதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இது இலவசமாகக் கிடைக்கிறது என்பதைச் சொல்லாமல் மறைத்து, ஆங்கிலம் தெரியாதவரின் பயத்துக்கு விலை போடுவது எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பயம் எங்கே இருந்து வருகிறது? வழிமுறை ஆங்கிலத்தில் இருக்கிறது. 'கார்டை ஃபார்மட் செய்யவும்' என்ற ஒரு வரிக்குப் பின்னால், 'அதற்கு முன் உள்ளே இருப்பதைப் பத்திரப்படுத்து' என்பது படித்தவனுக்குத் தெரிந்திருக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். தலைமுறை தலைமுறையாகக் கம்ப்யூட்டர் பார்த்த வீட்டுப் பிள்ளைக்கு அது தெரிந்திருக்கலாம். என்னைப் போன்றவனுக்கு வரியில் எழுதினால்தான் தெரியும்.

நம் ஆய்வகத்தில் இதைச் செய்து பார்க்க ஒரு மதியம் போதும். உடைந்துபோன பழைய டிஜிட்டல் கேமரா ஒன்றும், ஒரு கார்டு ரீடரும் இருந்தால் சரி. துறைத் தலைவரிடம் கேட்டிருக்கிறேன், பார்க்கலாம் என்றிருக்கிறார். பேரவையும் ஒரு வார்த்தை கேட்டால் நல்லது.

அதுவரை ஸ்டுடியோவில் ஒரு தாள் ஒட்டி வைத்திருக்கிறேன். தமிழில், என் கையெழுத்தில், ஒன்பது வரி. முதல் வரி: 'கார்டில் என்ன இருக்கிறது? பார்த்தாயா?' அண்ணன் அதற்குக் கீழே சிவப்புப் பேனாவில் 'இன்னொரு தடவை பார்' என்று எழுதியிருக்கிறார். பக்கத்து ஊர் ஸ்டுடியோக்காரர் ஒருவர் அதை போட்டோ எடுத்துக்கொண்டு போனார். வரும் ஞாயிற்றுக்கிழமை அவர் கேமராவுக்குப் போட்டுத்தர என்னை வரச் சொல்லியிருக்கிறார். புதுக் கார்டு ஒன்று வாங்கி வைக்கும்படி சொல்லிவிட்டேன்.