ஓடு வேய்ந்தால் மரபு ஆகிவிடுமா?

கொடைக்கானல் மலையில் மனையும் வில்லாவும் அடுக்குமாடி வீடும் விற்கிறவர்களுக்குப் 'பாரம்பரிய பாணி' என்பது இப்போது பெரிய விற்பனைச் சொல்லாகிவிட்டது. தேக்குத் தூண், திண்ணை, நடுமுற்றம், ஆத்தங்குடித் தளம், மேலே செவ்வோடு. நகரத்துப் பெட்டிக் கட்டடங்களைப் பார்த்துச் சலித்தவர்களை இது இழுப்பதில் வியப்பில்லை. பெருமாள்மலையிலிருந்து பழனிக்கு இறங்கும் சாலையில் வடகவுஞ்சி போன்ற ஊர்கள் இன்னும் காப்பியும் மிளகும் மலைவாழையும் விளையும் ஊர்களாகவே இருக்கின்றன. மேலே நகரம் நிரம்பி வழிவதால் வெளியூர்ப் பணத்தின் பார்வை இந்தச் சரிவுகளின் பக்கம் திரும்புகிறது. இங்கே எழும் சொகுசுக் குடியிருப்பு எதையும் மரபு என்று ஏற்பதற்கு முன், அது மண்ணையும் நீரையும் என்ன செய்கிறது என்று கேட்டாக வேண்டும். முகப்பைப் பார்த்து அதற்கு விடை சொல்ல முடியாது.

பெரும்பாலான முகப்புகள் செட்டிநாட்டிலிருந்து எடுத்தவை. காரைக்குடி வட்டாரம் சமதளம். மழை குறைவு, வெயில் அதிகம். அங்கே நடுமுற்றத்தை நோக்கி நாலாபக்கக் கூரையும் சரிகிறது. மழை வீட்டுக்குள்ளேயே விழுகிறது, அண்டாக்களில் பிடிக்கிறார்கள், மிச்சம் வடிகால் வழியே ஊருணிக்குப் போய்ச் சேர்கிறது. தடித்த செங்கல் சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் வெக்கையை வெளியே நிறுத்துகின்றன. அந்தச் செட்டிநாட்டு மாளிகைகளே பர்மாத் தேக்கையும் இத்தாலியச் சலவைக்கல்லையும் கப்பலில் இறக்கிக் கட்டியவைதானே, அப்போது மட்டும் எது உள்ளூர் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பொருள் கடல் கடந்து வந்தது உண்மை. ஆனால் வீடு உட்கார்ந்த விதம் அந்த நிலத்துடையது. ஒரு சொட்டு மழையும் வீணாகாத ஏற்பாடு அந்த நிலத்தின் தேவையிலிருந்து பிறந்தது. அதைப் பெயர்த்தெடுத்து, பனியும் இரண்டு பருவமழையும் பெய்யும் மலையில் வைக்கும்போது முற்றம் வெறும் அலங்காரமாகிவிடுகிறது. பல இடங்களில் அதன் மேல் கண்ணாடியைப் போட்டு மூடியும் விடுகிறார்கள்.

பெரிய முற்றம் வேண்டுமென்றால் சமதளம் வேண்டும். சரிவில் அது கிடைக்க வேண்டுமானால் மலையை வெட்ட வேண்டும். மேல்பக்கம் செங்குத்தாக வெட்டிய மண்சுவரும் அதைத் தாங்கத் தடுப்புச் சுவரும் வரும்; வெட்டிய மண் கீழ்ப்பக்கம் கொட்டப்பட்டு, இறுகாத அந்த மண்ணே பாதிக் கட்டடத்துக்கு அடித்தளமாகும். சாலையில் நின்று பார்த்தால் ஓட்டுக் கூரையோடு அடக்கமான இரண்டு தளம். கீழே இறங்கிப் பார்த்தால் நாலு, ஐந்து. அந்த ஓடும் பல இடங்களில் சாய்வான கான்கிரீட் பலகையின் மேல் சிமென்ட் குழைத்து ஒட்டியதுதான். பழைய ஓட்டு வீட்டில் இரண்டு ஓட்டுக்கு இடையே காற்று நுழையும், ஈரம் வெளியேறும். ஒட்டிய ஓட்டில் ஈரம் தங்கும், பாசி பிடிக்கும். மேல்தோல் மட்டும் மரபாக இருப்பதன் விலை முதல் மழைக்காலத்திலேயே தெரிந்துவிடும்.

மலைக்கு அதன் சொந்த மரபு இல்லையா? மேல்மலையில் பூம்பாறையைப் பார்க்கலாம். வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி, சரிவின் போக்கிலேயே வரிசை வரிசையாக அமர்ந்திருக்கின்றன. குடியிருக்க எடுத்துக்கொண்டது கொஞ்சம். மிச்ச நிலமெல்லாம் படிப்படியான வயல்கள், அவற்றில் 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு. அந்த வகையில் நெருங்கி வாழ்வது மலைக்குப் புதிதல்ல. ஏக்கருக்கு ஒன்று என்று சிதறிக் கிடக்கும் வில்லாக்களை விட, ஒரே இடத்தில் அடங்கிய குடியிருப்பு நிலத்துக்கு நல்லது என்றுகூடச் சொல்லலாம். அடுக்குமாடி என்பதற்காக மட்டும் நான் எதையும் எதிர்க்கவில்லை. ஆண்டில் சில வாரங்கள் மட்டும் ஆள் தங்கும் பெரிய பெரிய வீடுகளுக்காக ஒரு சரிவையே வெட்டி, தோட்டத்துக்குப் பாயும் ஊற்றை உறிஞ்சி, கழிவுத்தொட்டியை ஓடைக்கு மேலே வைப்பதைத்தான் எதிர்க்கிறேன். இந்த மலையின் வடசரிவு நீர் வரதமாநதி, பாலாறு-பொருந்தலாறு அணைகளுக்கு இறங்குகிறது. மேலே ஒரு கழிவுத்தொட்டி கசிந்தால் அது பழனிப் பக்கத்துக்காரர்களின் கவலையும்கூட.

இதற்கெல்லாம் விதிகள் இல்லையா என்றால், இருக்கின்றன. மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் இருக்கிறது. மண் அள்ளும் எந்திரங்களுக்கும் ஆழ்துளைக் கிணற்று எந்திரங்களுக்கும் மாவட்ட நிர்வாகத்தின் கட்டுப்பாடு இருக்கிறது. விதி வளைந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு முழுவதும் பார்த்துவிட்டது. கொடைக்கானல் 'பிளசன்ட் ஸ்டே' ஓட்டலுக்கு இரண்டு தளம் அனுமதி, எழுந்ததோ ஏழு. பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் வழக்குத் தொடர்ந்தது. கூடுதல் தளங்கள் இடிக்கப்பட வேண்டும் என்ற நிலைப்பாட்டை 1995இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. அந்தத் தளங்களுக்கு விலக்கு அளித்தது தொடர்பான குற்ற வழக்கில் 2000 பிப்ரவரியில் முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவுக்குத் தண்டனை வந்த நாளில்தான் தருமபுரியில் பேருந்து எரிக்கப்பட்டு மூன்று கல்லூரி மாணவிகள் உயிரிழந்தார்கள். அடுத்த ஆண்டு மேல்முறையீட்டில் அந்தத் தண்டனை ரத்தானது. அரசியலை விட்டுவிட்டுப் பார்த்தாலும் ஒன்று மிஞ்சும்: அந்த ஏழு தளங்களுக்கும் தேக்குத் தூணும் செவ்வோடும் வைத்திருந்தால் தீர்ப்பு மாறியிருக்குமா? மாறியிருக்காது, மாறவும் கூடாது. மரபு முகப்பை விதியாக்கினாலும் கதை இதுதான்: பூடானில் புதிய கட்டடங்களுக்கு மரபுச் சன்னலும் வண்ண வேலைப்பாடும் வேண்டும் என்று விதியே உண்டு. திம்புவில் அந்த வேலைப்பாட்டுக்குப் பின்னால் நிற்பது பெரும்பாலும் வழக்கமான கான்கிரீட் அடுக்குமாடிதான். ஊரின் தோற்றம் ஒழுங்காகும், அது ஒரு நன்மையே. நிலத்துக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை.

எதிர்வாதங்களில் வலுவானது தோட்டக்காரருடையது. காப்பி விலை ஒரு வருடம் ஏறினால் மறு வருடம் விழுகிறது. முடிக்கொத்து நோய் விருப்பாச்சி மலைவாழையை ஒரு காலத்தில் துடைத்தெடுத்தது. காட்டெருமையும் பன்றியும் இறங்குகின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் தோட்டத்து மரங்கள் பலவற்றைச் சாய்த்துவிட்டுப் போனது. இப்படிப்பட்டவரிடம் நிலத்தை விற்காதே என்று சமவெளியில் உட்கார்ந்துகொண்டு சொல்ல யாருக்கும் உரிமையில்லை. கட்டட வேலை கூலியும் தருகிறது. ஆனால் அந்தக் கூலி கட்டி முடிக்கும்வரைதான். அதன் பிறகு ஊருக்கு மிஞ்சுவது காவலாளி, துப்புரவு வேலைகள் சிலவும், கோடையில் லாரித் தண்ணீருக்கான போட்டியும். நிலம் விற்காதவருக்கும் இதில் பங்கு உண்டு, ஏனென்றால் மேலே வெட்டிய மண் சரிந்தால் முதலில் போவது அவருடைய காப்பிச் செடிதான்.

ஆகவே அனுமதி மனுவோடு கட்டடத்தின் அழகான படம் வந்தால் மட்டும் போதாது. எத்தனை அடி மண் வெட்டப்படும், வெட்டிய மண் எங்கே போகும், ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் எந்த ஊற்றிலிருந்து வரும், கழிவுத்தொட்டிக்கும் ஓடைக்கும் எவ்வளவு தூரம், சரிவின் கீழ்ப்பக்கத்திலிருந்து எண்ணினால் எத்தனை தளம் என்ற ஐந்து விவரங்களும் தமிழில் எழுதப்பட்டு ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். அவற்றைக் கிராமசபையில் வாசித்து, மக்களின் கருத்தைத் தீர்மானமாகப் பதிவுசெய்து அனுமதி தரும் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். தண்ணீர் நாளான மார்ச் 22ஐ ஒட்டி நம் ஊராட்சிகளில் கிராமசபை கூடுகிறது. வடகவுஞ்சியில் இதைத் தொடங்க அந்தக் கூட்டமே பொருத்தமானது.