ஒரு வாக்கியத்துக்கு ஒரு மரம் போதுமா?

இலக்கண விதிகளைக் கணினியில் இயக்கிப் பார்க்கும் மொழியியல் மாணவர்களுள் பலர் டைப்ஸ்கிரிப்ட் மொழியை நாடுகின்றனர். உலாவியிலேயே இயங்குகிறது, தரவுவகைப் பிழைகளை ஓடுவதற்கு முன்பே சுட்டுகிறது, விதிகளைக் கொடுத்தால் பார்சரை ஆக்கித்தரும் லைப்ரரிகளும் கிடைக்கின்றன. வரவேற்கத்தக்க மாற்றம்தான். ஆயினும் எந்த லைப்ரரி என்னும் கேள்வியைத் தொழில்நுட்பச் சில்லறையாக ஒதுக்குவதை என்னால் ஏற்க இயலவில்லை. அத்தேர்வு ஆய்வின் முடிவையே மாற்றிவிடக்கூடியது.

'அவன் வேலை வாங்கினான்' என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். பணி எனப் பொருள்படும் 'வேலை' ஒருபுறம். 'வேல்' என்னும் பெயரோடு இரண்டாம் வேற்றுமை உருபு சேர்ந்த 'வேலை' மறுபுறம். 'வேலை பார்த்தான்', 'வேலைப் பார்த்தான்' என்னும் இரண்டையும் வல்லினம் மிகுதல் பிரித்துக் காட்டிவிடும். வகரத்தின் முன் அந்த உதவி இல்லை. 'நேற்று வந்த மாணவனைப் பார்த்தேன்' என்பதிலோ சிக்கல் தொடரமைப்பில் உள்ளது: நேற்று நிகழ்ந்தது வருகையா, பார்த்தலா? இத்தகைய இருபொருள்மை மொழியின் குறையன்று; நம் துறைக்கு அதுவே தரவு.

பெகி போன்ற புகழ்பெற்ற கருவிகள் பிரையன் ஃபோர்டு 2004இல் முன்வைத்த 'பெக்' இலக்கண முறையைப் பின்பற்றுகின்றன. அம்முறையில் மாற்று விதிகளுக்கு வரிசை உண்டு. முதலில் பொருந்தியதே முடிவு. பணியைக் குறிக்கும் விதியை முதலில் எழுதினால் பணி மட்டுமே கிடைக்கும். வரிசையை மாற்றினால் வேல் மட்டுமே கிடைக்கும். இரு நிலையிலும் ஒரே மரம். எச்சரிக்கை ஏதும் இல்லை. உருபுகளிலும் இதே இடர் உண்டு. 'இல்' என்பதை 'இலிருந்து' என்பதற்கு முன் எழுதிவிட்டால், 'வீட்டிலிருந்து' என்னும் சொல்லில் 'இல்' பொருந்தியவுடன் பார்சர் அதனோடு நின்றுவிடும். எஞ்சிய பகுதிக்கு இடமின்றிப் பகுப்பே தோற்கும். நிரல்மொழிகளுக்கு ஒரு வரிக்கு ஒரே பொருள் இருத்தல் வேண்டும். அங்கே இந்த வரிசைமுறை நற்பண்பு. இயற்கை மொழிக்கு அதே பண்பு, கேட்காமலே தீர்ப்பு வழங்கிவிடும் நீதிபதியைப் போன்றது.

தரவுவகைகள் நம்மைக் காக்கும் என்பார் உண்டு. ஓரளவு காக்கும். எட்டு வேற்றுமைகளையும் ஒரு வகையாக அறிவித்து, ஒவ்வொன்றையும் கையாண்டாக வேண்டும் எனவும் எழுதிவிட்டால், விளியை மறந்த இடத்தைக் கம்பைலர் காட்டிக்கொடுக்கும். ஆனால் பகுப்புச் செயற்கூறு 'ஒரு மரம்' தரும் என அறிவித்திருந்தால், இரண்டாம் மரம் ஒன்று இருந்திருக்கலாம் என்பதைக் கம்பைலர் அறிய வழியில்லை. ஆதலின் அது 'மரங்களின் பட்டியல்' தரும் என அறிவிப்பதே நேர்மை. பட்டியல் வெறுமையானால் இலக்கணம் தொடரை ஏற்கவில்லை, ஒன்றிருந்தால் ஒரே பகுப்பு, பலவிருந்தால் இருபொருள்மை. ஜே ஏர்லி 1970இல் வெளியிட்ட வழிமுறையின்மேல் அமைந்த நியர்லி லைப்ரரி விடைகளை இவ்வாறே பட்டியலாகத் தருகிறது.

ஏர்லி முறை மெதுவானது, மரங்கள் பெருகிவிடும் என்னும் மறுப்புகளில் உண்மை உண்டு. உள்ளீட்டின் நீளம் கூடக்கூட, மிக மோசமான நிலையில் அதன் நேரம் முப்படியாக வளரும். ஆனால் பத்துப் பன்னிரண்டு சொற்கள் கொண்ட தொடர்களை ஆராய்பவருக்கு அது தடையாகாது. பெருகும் மரங்களுள் ஏற்றதைத் தேர்வது தனிப்பணி. அதைக் காரணம் காட்டி வெளிப்படையாகச் செய்யலாம். விதிகளின் வரிசைக்குள் ஒளித்துவைப்பதை யாரும் சரிபார்க்க இயலாது.

மல்லாபூரில் இருந்துகொண்டு இதை எழுதும் எனக்கு, இதே ஹைதராபாத்தின் மறுகோடியில், கச்சிபௌலியில் உள்ள ட்ரிபிள் ஐடி வளர்த்தெடுத்த பாணினிய நெறி நினைவுக்கு வருகிறது. அக்ஷர் பாரதி, வினீத் சைதன்யா, ராஜீவ் சங்கல் ஆகிய பெயர்களில் 1995இல் வந்த நூல் அந்நெறியை விரித்துரைத்தது. காரக உறவுகளைக் கட்டுப்பாடுகளாகக் கொண்டு தொடரைப் பகுக்கும் அம்முறையில், கட்டுப்பாடுகளை நிறைவு செய்யும் தீர்வுகள் ஒன்றுக்கு மேல் இருக்க இடமுண்டு. நம் மரபும் இதற்கு அயலன்று. நன்னூல் 'இரட்டுற மொழிதல்' என்பதை உத்திகளுள் ஒன்றாகவே எண்ணியது.

ஆகவே நெறியாளர்களிடமும் மாணவ நண்பர்களிடமும் ஒரு வேண்டுகோள். பார்சர் கொண்டு செய்த ஆய்வேட்டில் மூன்று செய்திகள் கட்டாயம் இடம்பெறட்டும்: எந்தப் பகுப்பு முறை, மாற்று விதிகளுக்கு வரிசை உண்டா, ஒவ்வொரு தொடருக்கும் எத்தனை மரங்கள். மூன்றாவது பத்தியில் எங்கும் 'ஒன்று' என்றே இருக்குமானால், அந்த ஒருமை தமிழிலிருந்து வந்ததா, கருவியிலிருந்து வந்ததா என்று வாய்மொழித் தேர்வில் கேளுங்கள்.