விகர்ணனின் ஐயம்

ரெமார்க் என்னும் ஜெர்மானிய ஆசிரியர் 1929இல் நூலாக வெளியிட்ட முதல் உலகப் போர் நாவலை அண்மையில் நம் மாணவர்களோடு படித்தோம். அதிலே ட்ஜாடன் என்றொரு சிறு பாத்திரம். படையிற் சேருமுன் பூட்டுத் தொழில் செய்தவன். போர் எவ்வாறு மூளுகிறது என்று தோழர்களை வினவுகிறான். ஒரு நாடு மற்றொரு நாட்டை அவமதிப்பதால் என்று விடை வருகிறது. தன்னை எவரும் அவமதிக்கவில்லையே, பின் தனக்கு இங்கு என்ன வேலை என்கிறான் அவன்.

“நம் இலக்கியத்தில் இத்தகைய ஐயம் கொண்டவர் உண்டா?” என்று மாணவர் ஒருவர் கேட்டார். விடை தேட நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. மட்டக்களப்புக்குத் தெற்கே, கல்முனையை அடுத்த பாண்டிருப்பிலே, திரௌபதை அம்மன் ஆலயத்தின் 18 நாள் விழா பாரதக் கதையை ஒட்டி நிகழ்ந்து தீமிதிப்போடு நிறைவெய்துகிறது. அத்திரௌபதைக்காகச் சபையிலே வாய் திறந்த கௌரவன் ஒருவன் உளன். அவனே துரியோதனன் தம்பி விகர்ணன்.

தன்னையே முதலில் தோற்ற தருமனுக்கு மனைவியைப் பணயம் வைக்க உரிமை ஏது? அவள் ஐவர்க்கும் உரியவளன்றோ? சகுனி தூண்ட வைத்த பணயம் செல்லுமோ? இவ்வாறு அவன் எடுத்துரைத்தபோது சபையினர் ஆரவாரித்துப் போற்றினர் என்கிறது வியாச பாரதம். உடனே கர்ணன் எழுந்து, நீ சிறுவன், தருமம் அறியாய் என்று அவனை அடக்கினான். போற்றியவர்களுள் எவரும் அப்போது விகர்ணன் அருகே எழுந்து நிற்கவில்லை. துகிலுரிதல் தொடங்கியது.

பின்னர்ப் போர் மூண்டது. விகர்ணன் தமையன் பக்கமே நின்றான். 14ஆம் நாள் வீமன் கையால் மாண்டான். கொன்ற வீமனே அவனுக்காக வருந்தினான். அவனுக்கு வேறு வழி இல்லாமலில்லை. திருதராட்டிரனின் மற்றொரு மகனாகிய யுயுத்சு, போர் தொடங்குமுன் பாண்டவர் பக்கம் சேர்ந்து உயிர் பிழைத்தான். ஆதலின் விகர்ணனின் பிழையை நாம் மறைக்க முற்படவில்லை. எனினும் நம் எண்ணம் அவனைவிட அச்சபையினரையே நாடுகிறது. ஆரவாரித்தோர் அன்று எழுந்து நின்றிருப்பின், குருதி சிந்தும் 18 நாள்கள் நேர்ந்திருக்குமோ?

2009இல் ஓய்ந்த நெடும்போரின் வடுவைச் சுமவாத குடும்பம் நம் ஊர்களில் அரிது. வீட்டிலே பிள்ளையொன்று, “இது முறைதானா?” என்று வினவும்போது, “உனக்கென்ன தெரியும்?” என்று அடக்குதல் நமக்கு எளிது. கர்ணன் சொல்லும் அதுவே. பிள்ளையின் ஐயத்தைப் பொறுமையோடு கேட்போமாக. அது நேரியதெனக் கண்டால், அதனருகே எழுந்து நிற்போமாக.